பூமி விட்ட கொட்டாவி



எங்கள் எதிர்வீட்டில் ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி இருக்கிறாள். போன வாரம் ஒரு சாயங்காலம், தன்னில் பாதி உயரம் இருக்கும் ஒரு படப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். திண்ணையில் விரித்தாள். செவ்வாய்க் கிரகத்தின் வரைபடம். அதன் நடுவில், யாரோ நகத்தால் கீறிவிட்டது போல ஒரு நீளமான கோடு. அதன்மேல் விரலை வைத்தாள்.

"மாமா, இங்கே பாருங்க. கேண்டர் காஸ்மா, மெலாஸ் காஸ்மா, ஓஃபிர் காஸ்மா, கேஞ்சஸ் காஸ்மா... எல்லாருக்கும் கடைசிப் பேரு காஸ்மாதான். இவங்க எல்லாம் ஒரே குடும்பமா?"

எனக்கு அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டும்போல இருந்தது. வரைபடம் பார்க்கிறவர்கள் நிறையப் பேர். அதில் இருக்கும் பெயரைப் பார்த்து "ஏன்?" என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பேர். நீயும் அந்தக் கொஞ்சம் பேரில் ஒரு ஆள் என்று எனக்குத் தெரியும். அவளுக்குச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். வா, பக்கத்தில் உட்கார்.

காஸ்மா என்பது ஆள் பெயர் இல்லை. ஆழமாக, நீளமாக, இரண்டு பக்கமும் செங்குத்தாக இறங்கும் ஒரு பெரும் பிளவுக்கு அந்தப் பெயர். ஆனாலும் அவள் கேட்டதில் ஒரு பாதி சரி. அந்தச் சொல்லுக்கு ஒரு குடும்பம் உண்டு. அந்தக் குடும்பத்தில் ஒருவர் உன் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறார். யார் என்று யோசித்துக்கொண்டே வா.

முதலில் ஒரு காட்டுக்குப் போவோம். சித்திரை மாதம். கோவில்பட்டிக்குத் தெற்கே கரிசல் காடு. கரிசல் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. மழையில் தண்ணீரைக் குடித்து உப்பும். வெயிலில் காய்ந்து சுருங்கும். சுருங்கும்போது ஒவ்வொரு துண்டு மண்ணும் பக்கத்தில் இருக்கும் மண்ணைத் தன் பக்கம் இழுக்கும். கயிறு இழுக்கும் போட்டி மாதிரி, இந்தப் பக்கமும் இழுப்பு, அந்தப் பக்கமும் இழுப்பு. எவ்வளவு நேரம்தான் தாங்கும்? ஒரு நாள் பாளம் பாளமாக வெடித்துவிடும்.

நான் உன் வயதில் அப்படி ஒரு வெடிப்பில் என் பம்பரத்தைத் தவற விட்டேன். குனிந்து கையை விட்டேன். மணிக்கட்டு போனது. முழங்கை போனது. தோள் வரைக்கும் போயிற்று. விரலில் பட்டது வெறும் காற்றுதான். மேலே மண் சுட்டது, உள்ளே கை ஜில்லென்று இருந்தது. பம்பரம் அகப்படவே இல்லை. (நீ கையை விட்டுவிடாதே, கண்ணு. பூச்சி பொட்டு இருக்கும். அன்றைக்கு எனக்குக் கிடைத்த திட்டு இன்னும் காதில் இருக்கிறது.)

திட்டி முடித்துவிட்டு எங்கள் பாட்டி அந்த வெடிப்பைப் பார்த்துச் சொன்னாள்: "பூமி தண்ணிக்கு வாயைப் பிளந்துக்கிட்டுக் கிடக்கு."

பாட்டி சொன்ன அந்த ஒரு வரியை மனசில் முடிந்து வைத்துக்கொள். நமக்கு வேண்டிய சாவி அதுதான்.

பார், நாம் விறகைப் பிளக்கிறோம். ஆச்சரியம் வந்தால் வாயையும் பிளக்கிறோம். பிளந்தால் வருவது பிளவு. பானைக்கு ஒரு வாய். சாக்குப் பைக்கு ஒரு வாய். கிணற்றுக்கு ஒரு வாய். உங்கள் பள்ளிக்கூடத்தில் தொங்கும் வெண்கல மணியைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்திருக்கிறாயா? அதற்கும் ஒரு வாய், உள்ளே ஒரு நாக்கு. எங்கே ஒரு திறப்பு இருக்கிறதோ, அங்கே தமிழ் ஒரு வாயைப் பார்க்கிறது.

இப்போது ஒரு சின்ன வேலை. புத்தகத்தைக் கீழே வை. கண்ணாடி முன்னால் போய் நில். பெரிய கொட்டாவி ஒன்று விடு. வரவில்லையா? கொட்டாவியைப் பற்றிப் படித்தாலே கொட்டாவி வரும், கொஞ்சம் பொறு. வந்ததா? தாடை கீழே இறங்குகிறது. உதடுகள் விலகுகின்றன. நடுவில் இருட்டாக ஒரு குழி.

அந்தக் குழிக்குத்தான் பழைய கிரேக்கர்கள் பெயர் வைத்தார்கள். அவர்கள் மொழியில் 'காஸ்கோ' என்றால் வாயைப் பிளக்கிறேன், கொட்டாவி விடுகிறேன் என்று பொருள். அதிலிருந்து பிறந்த சொல்தான் 'காஸ்மா'. வாய் பிளந்தது போல் நிலத்தில் திறந்து கிடக்கும் ஆழமான பள்ளம். எங்கள் பாட்டிக்குக் கிரேக்கம் தெரியாது. கிரேக்கர்களுக்குக் கரிசல் காடு தெரியாது. ஆனால் இரண்டு பேரும் நிலத்தில் ஒரு வெடிப்பைப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் அது வாயாகத் தெரிந்தது.

கிரேக்கர்களிடமிருந்து ரோமானியர்கள் அந்தச் சொல்லை வாங்கி லத்தீனில் வைத்துக்கொண்டார்கள். அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்து 'கேஸம்' ஆயிற்று. தலைமுடியைச் சொல்கிற நம் கேசம் வேறு, இது வேறு. குழப்பிக்கொள்ளாதே.

இங்கே நீ ஒரு கேள்வி கேட்பாய் என்று எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை 'சி', 'ஹெச்' என்றுதானே ஆரம்பித்து எழுதுகிறார்கள்? அப்படியென்றால் 'சாஸம்' என்றல்லவா படிக்க வேண்டும்?

சபாஷ். நல்ல கேள்வி. கிரேக்கத்தில் ஓர் எழுத்து உண்டு. பார்ப்பதற்குப் பெருக்கல் குறி மாதிரி இருக்கும். 'க' என்று சொல்லிக்கொண்டே கொஞ்சம் மூச்சையும் ஊதினால் அதன் பழைய ஒலி. உள்ளங்கையை வாய்க்கு எதிரே வைத்துச் சொல்லிப் பார், காற்று வந்து மோதும். அந்த ஒலிக்கு ரோமானியர்களிடம் தனி எழுத்து இல்லை. அதனால் 'க' ஒலிக்கு ஒரு 'சி' போட்டு, பின்னால் வரும் மூச்சுக்கு ஒரு 'ஹெச்' போட்டார்கள். ஆங்கிலத்தில் நாளடைவில் மூச்சு போய்விட்டது. எழுத்து மட்டும் நின்றுவிட்டது.

இதே 'சி ஹெச்' எங்கே இருக்கிறது என்று கண்டுபிடி பார்ப்போம். நீ தினமும் போகிற இடம். ஆமாம், 'ஸ்கூல்'! அதுவும் கிரேக்கச் சொல்தான். எதிரொலிக்குச் சொல்கிற 'எக்கோ'வும் அப்படித்தான். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் சொல்லைச் சுருக்கி, முதலில் ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பார்களே, அது அந்தக் கிரேக்க எழுத்தேதான்.

இன்னொன்று. கொட்டாவிக்கு ஆங்கிலத்தில் 'யான்' என்பார்கள். கேஸமும் யானும் கேட்பதற்குத் தூரத்துச் சொந்தம் மாதிரிகூட இல்லை, இல்லையா? ஆனால் இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாயைப் பிளப்பதைக் குறித்த ஒரு பழஞ்சொல் இருந்தது. அதன் ஒரு கிளை கிரேக்கத்தில் காஸ்மா ஆயிற்று. இன்னொரு கிளை வடக்கே போய், முதல் ஒலி தேய்ந்து தேய்ந்து யான் ஆயிற்று. ஒட்டுமாங்கன்றும் நாட்டு மாங்கன்றும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் இலையைக் கசக்கி மோந்துதானே இனம் சொல்கிறோம்? சொல்லாராய்ச்சிக்காரர்களும் அப்படி மோந்து பார்த்துக் கண்டுபிடித்தது இது.

வாயைப் பார்த்துப் பெயர் வைத்தவர்களைப் பார்த்தோம். எல்லாரும் வாயையே பார்க்கவில்லை. சிலர் அடியைப் பார்த்தார்கள். பார்த்தால் அடி தெரியவில்லை! மலைப்பாதையில் பஸ் திரும்பும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து "அம்மாடி, அதல பாதாளம்!" என்கிறோமே, அந்த 'அதலம்' வடமொழிச் சொல். 'தலம்' என்றால் அடி, தரை. முன்னால் இருக்கும் 'அ' இல்லை என்று சொல்கிறது. அடியே இல்லாதது அதலம். புராணங்கள் சொல்லும் கீழுலகங்கள் ஏழில் முதல் உலகம் அதலம், கடைசி உலகம் பாதாளம். முதல் மாடியிலிருந்து ஏழாவது மாடி வரைக்கும், ஆனால் கீழ்நோக்கி!

கிரேக்கர்களும் இதே போல ஒரு சொல் செய்தார்கள். அடிக்கு அவர்கள் சொல் 'பிஸ்ஸோஸ்'. முன்னால் ஒரு 'அ' வைத்து 'அபிஸ்ஸோஸ்', அடியில்லாதது. ஆழ்கடலைப் பற்றிப் படிக்கும்போது 'அபிஸ்' என்ற சொல் வந்தால் இதுதான் அது. வடமொழியின் அந்த 'அ'வும் கிரேக்கத்தின் இந்த 'அ'வும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

நம் பழந்தமிழிலும் பிளவுக்கு அழகான சொற்கள் உண்டு. மலையில் பாறை பிளந்து கிடந்தால் 'விடர்'. சங்கப் பாடல்களில் வரும். நிலம் காய்ந்து வெடித்தால் 'கமர்'. பெரியபுராணத்தில் அரிவாட்டாய நாயனார் கதை வருகிறதே, கேட்டிருக்கிறாயா? இறைவனுக்குப் படைக்க அரிசியும் செங்கீரையும் மாவடுவும் எடுத்துக்கொண்டு போகிறார். பசியில் கால் தடுமாறி, எல்லாம் வயல் வெடிப்பில் கொட்டிவிடுகிறது. மனம் உடைந்துபோகிறார். அப்போது அந்த வெடிப்புக்குள்ளிருந்து மாவடுவைக் கடிக்கும் சத்தம் கேட்கிறது! சேக்கிழார் அந்த வெடிப்பைக் கமர் என்றுதான் சொல்கிறார். என் பம்பரம் விழுந்ததும் ஒரு கமரில்தான். இந்தச் சொல்லை நாம் கைவிட்டுவிட்டோமே என்று எனக்கு நிஜமாகவே வருத்தம். மூன்றே எழுத்து, சொல்ல எவ்வளவு சுளுவாக இருக்கிறது பார்.

சரி, குடும்பக் கதைக்குத் திரும்புவோம். இதுவரை புரிந்ததா? கொட்டாவியிலிருந்து காஸ்மா. அவ்வளவுதான். இனி அதன் உடன்பிறப்பு ஒன்றைப் பார்ப்போம்.

சுமார் 2,700 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத்தில் ஹெசியாட் என்று ஒரு புலவர் இருந்தார். உலகம் எப்படித் தோன்றியது என்று பாடினார். எல்லாவற்றுக்கும் முதலில் தோன்றியது 'கேயாஸ்' என்றார். அதன் பிறகுதான் பூமித் தாய். கேயாஸ் என்றால் என்ன? வாயைப் பிளந்த மாதிரி ஒரு பெரிய வெற்றிடம். அதே கொட்டாவிச் சொல்!

"மாமா, கேயாஸ்னா குழப்பம், கூச்சல்னு எங்க மிஸ் சொன்னாங்களே?" என்று எதிர்வீட்டுச் சிறுமி கேட்டாள். மிஸ் சொன்னது சரிதான். ஹெசியாடுக்கு எழுநூறு ஆண்டுகள் கழித்து ரோமாபுரியில் ஓவிட் என்ற கவிஞர் வந்தார். அவர் கேயாஸை வெற்றிடமாகப் பார்க்கவில்லை. நிலமும் நீரும் காற்றும் கலந்து கிடக்கும் ஒரு பெரிய கலவையாகப் பாடினார். தயிர், குழம்பு, பாயசம் எல்லாவற்றையும் ஒரே இலையில் பிசைந்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. அந்தப் பொருள்தான் நிலைத்துவிட்டது. கடைசி மணி அடித்ததும் உங்கள் வகுப்பு வாசலில் நடக்கிறதே, அதற்கு இன்றைக்கு கேயாஸ் என்று பெயர்.

இப்போது சமையலறை ஆளைக் கூப்பிடுவோமா?

இன்றைக்கு பெல்ஜியம் என்று சொல்லும் நாட்டின் தலைநகரம் பிரஸ்ஸல்ஸ். அங்கே பிறந்தவர் யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட் என்ற மருத்துவர். எதையும் நிறுத்துப் பார்க்காமல் நம்ப மாட்டார். தராசு அவருக்கு மூன்றாவது கண்.

ஒரு நாள் கரியைப் பற்றி யோசித்தார். 62 பவுண்டு கரியை எரித்தால் மிஞ்சுகிற சாம்பல் ஒரே ஒரு பவுண்டு. நீயே கணக்குப் போடு. கூடையில் 62 மாம்பழம் வைத்துவிட்டுப் போகிறாய். திரும்பி வந்து பார்த்தால் ஒன்றுதான் இருக்கிறது. மீதி 61 எங்கே? "மாயமாய் மறைந்தது" என்றால் நீ ஒப்புக்கொள்வாயா? அவரும் ஒப்புக்கொள்ளவில்லை. மீதி ஏதோ கண்ணுக்குத் தெரியாத ஆவியாகப் போயிருக்கிறது என்றார். கரி, காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு கைகோத்துப் பறந்துவிடுகிறது என்று இன்றைக்கு நமக்குத் தெரியும்.

அந்த ஆவியை மூடிய பாத்திரத்தில் பிடித்து வைக்கப் பார்த்தால் பாத்திரம் வெடித்துவிடுகிறது. அதற்கு ஓர் உருவம் இல்லை. ஓர் எல்லைக்குள் அடங்க மாட்டேன் என்கிறது. பழங்காலத்துக் கேயாஸ் மாதிரி இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியது. அவர் பேசிய டச்சு மொழியில் 'ஜி' எழுத்தைத் தொண்டையின் அடியிலிருந்து, கிட்டத்தட்ட 'ஹ்க' என்று உரசிச் சொல்வார்கள். கேயாஸின் முதல் ஒலியும் அவர் காதுக்கு அப்படித்தான் விழுந்தது. கேயாஸை அந்த உச்சரிப்பில் சுருக்கி ஒரு புதுப் பெயர் வைத்தார்.

'கேஸ்'!

ஆமாம் கண்ணு, உன் வீட்டுச் சமையலறை மூலையில் சிவப்புச் சிலிண்டருக்குள் இருக்கிற அதே கேஸ். அந்தச் சொல் ஒரு கொட்டாவியின் பேரப்பிள்ளை. வான் ஹெல்மான்ட் 1644இல் இறந்துபோனார். அவர் எழுதி வைத்ததையெல்லாம் மகன் 1648இல் புத்தகமாக வெளியிட்டார். அதன் வழியாகத்தான் அந்தச் சொல் உலகமெல்லாம் போயிற்று. நாம் அதற்கு 'வாயு' என்கிறோம்.

அவர் கரியிலிருந்து கண்டது இன்றைக்கு நாம் கரியமில வாயு என்று சொல்லும் கார்பன் டை ஆக்சைடு. திராட்சைச் சாறு புளித்துப் பொங்கும்போது வருவதும் அதே வாயுதான் என்று அவரே கண்டுபிடித்தார். ராத்திரி அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கிப் பாத்திரத்தை நிறைத்து நிற்கிறதே, ஒரு கரண்டியால் மெதுவாக விலக்கிப் பார். தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். அந்த ஓட்டைகளை ஊதிவிட்டதும் அதே வாயுதான். கோலி சோடாவைத் திறக்கும்போது சீறுவதும் அதுவே.

வான் ஹெல்மான்டைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லாமல் எனக்கு மனசு வராது. அவர் 200 பவுண்டு காய்ந்த மண்ணை ஒரு தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ மரக்கன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். பிறகு பிடுங்கி நிறுத்தார். மரம் 169 பவுண்டு! மண்ணைக் காயவைத்து நிறுத்தார். ஏறக்குறைய 2 அவுன்ஸ்தான் குறைந்திருந்தது, நம் கணக்கில் 60 கிராமுக்கும் உள்ளே. அப்படியானால் மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று முடிவு கட்டினார்.

பாதிதான் சரி. மரம் தன் உடம்பைக் கட்டிக்கொள்ளத் தண்ணீரோடு காற்றிலிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொண்டது. எதை? கரியமில வாயுவை! தான் கண்டுபிடித்துப் பெயர் வைத்த வாயுவே தன் தோட்டத்து மரத்துக்குள் போய் மரமாகிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாமல் போயிற்று. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் தோளைத் தொட்டு, "ஐயா, அந்த இலையைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று சொல்ல வேண்டும்போல இருக்கும்.

சரி, செவ்வாய்க்குப் போக நேரமாகிவிட்டது.

1971 நவம்பர். அமெரிக்காவின் மரைனர் 9 விண்கலம் செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்தது. பூமியைத் தவிர வேறொரு கோளைச் சுற்றிவந்த முதல் விண்கலம் அதுதான். கேமராவைத் திறந்தால் ஒன்றுமே தெரியவில்லை! கிரகம் முழுக்கப் புழுதிப் புயல். ஆசையாகக் கொடைக்கானலுக்குப் பள்ளிச் சுற்றுலா போன அன்று மூடுபனி இறங்கினால் எப்படி இருக்கும்? விஞ்ஞானிகளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். புழுதி மெல்ல மெல்ல அடங்கியது. முதலில் நான்கு எரிமலைகளின் உச்சி மட்டும் தெரிந்தது. அப்புறம் அவற்றுக்குக் கிழக்கே, செவ்வாயின் வயிற்றைக் கீறியது போல, அந்தப் பிளவு.

அதைக் கண்ட விண்கலத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 'வாலிஸ் மரைனெரிஸ்', மரைனரின் பள்ளத்தாக்குகள். நீளம் சுமார் 4,000 கிலோமீட்டர். நம் இந்தியா வடக்கிலிருந்து தெற்கு வரை 3,214 கிலோமீட்டர்தான். சில இடங்களில் அகலம் 200 கிலோமீட்டருக்கு மேல். ஆழம் 7 கிலோமீட்டர் வரை. தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். இரண்டு தொட்டபெட்டாவை ஒன்றின்மேல் ஒன்றாக அந்தப் பள்ளத்துக்குள் இறக்கினாலும் மேலே இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் இடம் மிச்சம் இருக்கும்.

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் படத்தை நீ பார்த்திருப்பாய். அது சுமார் 446 கிலோமீட்டர் நீளம், அதிகபட்சம் 1.8 கிலோமீட்டர் ஆழம். அதை அறுத்தது கொலராடோ ஆறு. லட்சக்கணக்கான ஆண்டுகளாக ரம்பம் போல அறுத்து அறுத்து இறங்கியது. செவ்வாயின் பிளவு முதன்மையாக அப்படி வந்ததில்லை. அது வெடித்தது.

வெள்ளரிப்பழம் வாங்கியிருக்கிறாயா? கோடையில் வண்டியில் அடுக்கி வைத்திருப்பார்கள். பழுக்கப் பழுக்க உள்ளே சதை உப்பும். தோல் எவ்வளவுதான் விரியும்? ஒரு நாள் நீளவாக்கில் படாரென்று வெடித்துவிடும். உள்ளே மாவு மாவாகச் சதை தெரியும். செவ்வாயிலும் அதுதான் நடந்தது. அந்த நான்கு எரிமலைகள் இருக்கிற பகுதி தார்சிஸ் மேடு. பல கோடி ஆண்டுகளாக அடியிலிருந்து எரிமலைக் குழம்பு தள்ளித் தள்ளி அந்த மேடு உப்பியது. மேலே இருந்த பாறைத் தோல் விரிந்து, இழுபட்டு, கிழிந்தது. பிறகு ஓரங்கள் பெரும் நிலச்சரிவுகளாகச் சரிந்து சரிந்து பிளவு இன்னும் அகன்றது. சில பகுதிகளைத் தண்ணீரும் அரித்தது.

கரிசல் காட்டில் மண் சுருங்கியதால் இழுப்பு. செவ்வாயில் அடி உப்பியதால் இழுப்பு. காரணம் வேறு, இழுப்பு ஒன்று. புரிகிறதல்லவா?

நம் பூமியிலும் இப்படி ஒரு கிழிசல் இப்போதே நடந்துகொண்டிருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில், எத்தியோப்பியாவிலிருந்து தெற்கே போகும் பிளவுப் பள்ளத்தாக்கு. அதன் இரண்டு கரைகளும் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் விலகிக்கொண்டே போகின்றன. உன் விரல் நகம் அதைவிட வேகமாக வளர்கிறது. அவ்வளவு நிதானமான கொட்டாவி.

மற்ற கோள்களின் நிலங்களுக்குப் பெயர் வைக்கும் பொறுப்பு சர்வதேச வானியல் ஒன்றியத்தினுடையது. மலை என்றால் 'மான்ஸ்', பள்ளத்தாக்கு என்றால் 'வாலிஸ்', செங்குத்தான நீண்ட ஆழப் பிளவு என்றால் 'காஸ்மா' என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெரும்பிளவு பல பிளவுகள் சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பெயர். மெலாஸ் என்றால் கிரேக்கத்தில் கறுப்பு. கேண்டர் என்றால் லத்தீனில் வெண்மை. கேஞ்சஸ் என்றால்... சொல் பார்ப்போம்? நம் கங்கையேதான்! பழைய காலத்துத் தொலைநோக்கி வரைபடத்தில் அந்தப் பக்கத்துக்குக் கங்கையின் பெயரை வைத்திருந்தார்கள். அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

சனிக் கோளின் டெத்திஸ் என்ற நிலாவில் ஒரு காஸ்மா உண்டு. வெள்ளிக் கோளிலும் உண்டு. எதிர்வீட்டுச் சிறுமி கேட்ட குடும்பம் சூரிய மண்டலம் முழுக்கப் பரவியிருக்கிறது.

இப்போது கிட்டே வா. நான் இதுவரை பொத்தி வைத்திருந்ததைச் சொல்கிறேன்.

செவ்வாயின் அந்தப் பெரும்பிளவின் கிழக்குக் கோடிக்குப் போனால், நிலம் உடைந்து, இடிந்து, பாறைக் கட்டிகள் தாறுமாறாகக் குவிந்து கிடக்கும். அந்த மாதிரி நிலத்துக்கும் ஒன்றியம் ஒரு பெயர் வைத்திருக்கிறது. 'கேயாஸ்'! காஸ்மா போய் முடிகிற இடத்தில் கேயாஸ் படுத்திருக்கிறது.

இரண்டையும் மூடி நிரப்பியிருக்கும் காற்று எது தெரியுமா? செவ்வாயின் காற்றில் நூற்றுக்குச் சுமார் 95 பங்கு கரியமில வாயு. வான் ஹெல்மான்ட் முதன்முதலாக எதற்கு 'கேஸ்' என்று பெயர் வைத்தாரோ, அதே வாயு.

ஒரே கொட்டாவியில் பிறந்த மூன்று சொற்கள். காஸ்மா, கேயாஸ், கேஸ். பூமியில் பிரிந்து, ஒன்று நிலத்துக்கும் ஒன்று குழப்பத்துக்கும் ஒன்று சமையலறைக்கும் போய்விட்டன. செவ்வாயில் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்து இருக்கின்றன. யாரும் திட்டம் போட்டுச் சேர்த்து வைக்கவில்லை!

இதைக் கேட்டதும் எதிர்வீட்டுச் சிறுமி வாயைப் பிளந்தாள். "பார், நீயே ஒரு காஸ்மா விடுகிறாய்" என்றேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு கேட்டாள்: "அங்கே போய்ப் பட்டம் விடலாமா மாமா?"

கஷ்டம்தான் கண்ணு. செவ்வாயின் தரையில் காற்றழுத்தம் நம் பூமியில் இருப்பதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு மெல்லிய காற்று நம் ஊர்ப் பட்டத்தைத் தூக்காது. ஆனால் அந்தப் பள்ளங்களின் அடியில் காற்று கொஞ்சம் அடர்த்தி அதிகம். சில நேரம் காலையில் மெல்லிய மூடுபனிகூட அங்கே தங்கும். விண்கலங்கள் அதைப் படம் பிடித்திருக்கின்றன.

நம் மங்கள்யானும் அங்கே போயிருக்கிறது. 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்தது. அதன் திட்ட இயக்குநர் சுப்பையா அருணன், திருநெல்வேலிச் சீமைக்காரர். மறு ஆண்டு ஜூலையில் மங்கள்யான் ஓஃபிர் காஸ்மாவைப் படம் பிடித்து அனுப்பியது. செம்மண் நிறத்தில், ஓரங்கள் மடிந்து மடிந்து இறங்க, நடுவில் ஆழமாக ஒரு பள்ளம். அந்தப் படத்தை நான் அச்செடுத்து மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பம்பரம் விழுந்த கமர்தான் ஞாபகம் வரும்.

உனக்கு இரண்டு வேலை தருகிறேன். குளத்து வண்டலோ களிமண்ணோ கொஞ்சம் எடுத்து, தண்ணீர் விட்டுக் குழைத்து, ஒரு பழைய தட்டில் விரல் தடிமனுக்குப் பரப்பு. மொட்டை மாடி வெயிலில் வை. முதல் வெடிப்பு நடுவில் விழுகிறதா, ஓரத்தில் விழுகிறதா? ஒரு வெடிப்பு இன்னொரு வெடிப்பைச் சந்திக்கும்போது எப்படி வளைகிறது? தினமும் படம் வரைந்து வை.

இரண்டாவது வேலை, உன் பாட்டியிடமோ தாத்தாவிடமோ போய், நிலத்து வெடிப்புக்கும் ஆழமான பள்ளத்துக்கும் உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேள். ஒரு ஊரில் ஒரு பெயர், மலையில் ஒரு பெயர், கடற்கரையில் ஒரு பெயர் இருக்கும். அகராதியில் ஏறாத சொல்லாகக்கூட இருக்கலாம். அவர்கள் சொன்னபடியே, அதே உச்சரிப்பில் எழுதி, ஊர்ப் பெயரையும் போட்டு எனக்கு அனுப்பு. வருகிற ஒவ்வொரு கடிதத்தையும் நானே பிரித்துப் படிப்பேன்.